தினம் ஒரு மாத்திரை என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தமில்லை

பாம்பனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு 56 வயது. சின்ன வயதிலிருந்தே பாசி எடுக்கக் கடலில் இறங்குகிறவர். பீடி, புகையிலைப் பழக்கம் எதுவும் கிடையாது. மூன்று மாதமாக இருமல், முதுகு வலி என்று அலைந்து, கடைசியில் மதுரையில் பயாப்ஸி எடுத்ததில் நுரையீரல் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. நாலாவது ஸ்டேஜ், முதுகெலும்புக்கும் பரவியிருக்கிறது. டாக்டர், ஜெஃபிட்டினிப் என்ற மாத்திரை 250 மில்லிகிராம் எழுதிக் கொடுத்து, "தினம் ஒன்று போடுங்கள், இரண்டு வாரம் கழித்து வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். தம்பியின் கேள்விகள் இவை. இவ்வளவு பெரிய நோய்க்கு ஒரு மாத்திரை போதுமா? காசில்லாதவர்கள் என்று கைகழுவிவிட்டார்களா? அம்மா மறுபடி கடலுக்குப் போகலாமா? அவரிடம் இன்னும் நோயின் பெயரைச் சொல்லவில்லை, சொல்லாமலே விட்டுவிடலாமா?

எனக்கு ஊர் மண்டபம். மதுரையில் புற்றுநோய்ப் பிரிவு மருந்தகத்தில் பதினாறு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். இந்த மாத்திரையைக் கையில் வாங்கும் குடும்பங்களின் முகம் எனக்கு நன்றாகத் தெரியும். கீமோ என்று சொன்னால் பயப்படுவார்கள். மாத்திரை மட்டும் என்றால் அதைவிட அதிகமாகப் பயப்படுவார்கள். ஊசி, பாட்டில், கட்டில் எதுவும் இல்லாத வைத்தியம் வைத்தியமாகவே தோன்றுவதில்லை.

கைவிடவில்லை தம்பி. ஆனால் அதை நான் சொல்லி நீங்கள் நம்பவேண்டாம், உங்கள் கையில் இருக்கும் பைலைத் திறந்து பாருங்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டுக்குப் பின்னால் இன்னொரு தாள் இருக்க வேண்டும். அதில் இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவின் பெயரைப் போட்டு, அதில் வரும் மாற்றங்களான "எக்ஸான் 19 டெலீஷன்" அல்லது "எல் 858 ஆர்" என்று ஏதாவது ஒன்று "பாசிட்டிவ்" ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் அம்மாவுக்குச் சரியான மருந்துதான் கிடைத்திருக்கிறது. அந்தத் தாளே இல்லை, பரிசோதனைக்கே அனுப்பவில்லை என்றால் உடனே டாக்டரிடம் கேளுங்கள். அதைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

அந்த ஒரு தாளுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பதற்கு 2009ல் வெளியான ஐபாஸ் என்ற ஆய்வைச் சொல்லலாம். கிழக்காசிய நாடுகளில், பெரும்பாலும் புகைபிடிக்காத நுரையீரல் புற்றுநோயாளிகளில் ஒரு பாதிக்கு இதே ஜெஃபிட்டினிப், மறுபாதிக்குக் கீமோ கொடுத்துப் பார்த்தார்கள். அந்த மரபணு மாற்றம் இருந்தவர்களில் மாத்திரை போட்ட நூறு பேரில் 71 பேருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது. கீமோவில் 47 பேருக்கு. மாற்றம் இல்லாதவர்களிடம் அதே மாத்திரை நூற்றுக்கு ஒருவரிடம்தான் வேலை செய்தது. மாத்திரை அதே மாத்திரைதான், வித்தியாசம் கட்டியில் இருக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணனுக்குக் குடல் புற்றுநோய், அவருக்கும் இதை வாங்கிக் கொடுக்கலாமா என்று யாராவது கேட்டால் இதையே சொல்லுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். கீமோ என்பது இழுவை மடி வலை மாதிரி. வேகமாகப் பெருகும் செல் எதுவானாலும், புற்றோ முடியோ ரத்தமோ, வாரிக்கொண்டு வரும். இந்த மாத்திரை நண்டு வலை மாதிரி. குறிப்பிட்ட ஒன்றைப் பிடிக்க, அதற்கென்று கண் அளந்து பின்னியது. உங்கள் அம்மாவின் புற்று செல்களின் மேல் "வளர், வளர்" என்று கட்டளை வாங்கும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற புரதம் இருக்கிறது. மரபணு மாறிப்போனதால் கட்டளை வராதபோதும் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. மாத்திரை போய் அந்தப் புரதத்தின் உள்பள்ளத்தில் உட்கார்ந்து ஓட்டத்தை நிறுத்துகிறது. நண்டு வலையிலும் வேறு மீன் ஒன்றிரண்டு மாட்டத்தானே செய்கிறது? அதே புரதம் தோலிலும் குடலிலும் இயல்பாகவே உண்டு. அதனால்தான் இந்த மாத்திரைக்கு முடி கொட்டுவதைவிட முகப்பருவும் வயிற்றுப்போக்கும் அதிகம் வருகின்றன.

காசு விஷயம். மாத்திரை மலிவாகக் கிடைக்கிறது, அதனால் தரம் குறைந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். இந்த வகை மாத்திரைகளில் முதலில் பேர் வாங்கியது இமாட்டினிப், ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்காக 2001ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் காப்புரிமை வழக்கில் நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் கோரிக்கையை நம் உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று நிராகரித்தது. அதற்கு முந்தின வருடம், 2012ல், சோராஃபெனிப் என்ற கல்லீரல், சிறுநீரகப் புற்றுநோய் மாத்திரைக்கு இந்தியாவின் முதல் கட்டாய உரிமம் (காப்புரிமை வைத்திருப்பவர் சம்மதிக்காமலே வேறு நிறுவனம் தயாரிக்க அரசு தரும் அனுமதி) கொடுக்கப்பட்டது. மாதத்துக்கு சுமார் 2,80,000 ரூபாயாக இருந்த மருந்து 8,800 ரூபாய்க்கு வந்தது. 2019ல் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு விற்பனை லாபத்தை 30 சதவீதத்துக்குள் மத்திய அரசு கட்டுப்படுத்தியது. ஜெஃபிட்டினிப்பையும் இந்திய நிறுவனங்கள் பல தயாரிக்கின்றன. விலை குறைந்ததற்கு இப்படி வழக்கும் சட்டமும் போட்டியும் காரணம். உள்ளே இருக்கும் மருந்து குறையவில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லையென்றால், வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு ராமநாதபுரம் கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்தில் இந்த வாரமே பதிந்துவிடுங்கள்.

இதைவிட உயர்ந்த மாத்திரை இருக்கிறதா என்றால், இருக்கிறது. ஓசிமெர்டினிப். ஜெஃபிட்டினிப் வகை மாத்திரைகளோடு ஒப்பிட்ட ஆய்வில் நோய் அடங்கியிருந்த காலம் நடுவளவாக 18.9 மாதம், பழையவற்றில் 10.2 மாதம். உயிர்வாழ்ந்த காலம் 38.6 மாதம், பழையவற்றில் 31.8. நடுவளவு என்றால் பாதிப்பேருக்கு அதைவிடக் குறைவு, பாதிப்பேருக்கு அதைவிட அதிகம். மூளைக்குள்ளும் அது நன்றாகப் போகிறது. 2024 பட்ஜெட்டில் அதற்குச் சுங்க வரியை நீக்கினார்கள், ஆனாலும் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத விலைதான். இன்னொரு வழியும் உண்டு. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை நம் நாட்டு நோயாளிகள் 350 பேரிடம் ஜெஃபிட்டினிப்பை மட்டும் கொடுத்தும், கீமோவோடு சேர்த்துக் கொடுத்தும் பார்த்தது. தனி மாத்திரையில் 8 மாதம் அடங்கிய நோய், சேர்த்துக் கொடுத்தபோது 16 மாதம் அடங்கியது. ஆனால் கடுமையான பக்க விளைவுகளும் இரண்டு மடங்கு. உங்கள் அம்மாவின் உடம்பு அதைத் தாங்குமா என்பதை நேரில் பார்த்த டாக்டர்தான் சொல்ல முடியும். அடுத்த முறை போகும்போது "கீமோவும் சேர்த்துக் கொடுக்கலாமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காததால் கிடைக்காமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி மாத்திரை போடும் முறை. தினமும் ஒரே நேரம், சாப்பாட்டுக்கு முன்னாலோ பின்னாலோ, எப்படியும் போடலாம். ஒரு நாள் மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் மட்டும் போடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. ஸ்ட்ரிப்பிலேயே இருக்கட்டும், டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். நம் ஊர் உப்புக் காற்றின் ஈரம் எதையும் விட்டுவைக்காது. ஓட்டு வீடோ தகர வீடோ, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். வீட்டில் கர்ப்பிணி யாராவது இருந்தால் அவர் இந்த மாத்திரையைக் கையால் தொட வேண்டாம்.

ஆனால் நான் நிறையப் பார்த்த தவறு வேறு. கேஸ் மாத்திரை. நெஞ்செரிச்சல் என்றதும் மெடிக்கலில் பேன்டோபிரசோல் வாங்கிப் போடுவது நம் எல்லோருக்கும் வழக்கம். ஜெஃபிட்டினிப் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். அமிலத்தை அணைத்துவிட்டால் மாத்திரையில் ஏறக்குறைய பாதி உடம்பில் ஏறாமலே வெளியே போய்விடும். தவிர்க்க முடியாமல் பேன்டோபிரசோல் வகை போட்டே ஆகவேண்டும் என்றால் இரண்டுக்கும் நடுவில் 12 மணி நேரம் இடைவெளி வேண்டும். ஜெலுசில் மாதிரி டானிக் என்றால் 6 மணி நேரம்.

இன்னொன்று, அதைவிடப் பெரியது. மூன்று மாத இருமல் என்று எழுதியிருக்கிறீர்கள். இருமல் என்றால் முதலில் டி.பி. என்று நினைத்து மருந்து ஆரம்பிப்பது நம் பக்கம் சாதாரணம். அம்மாவுக்கு டி.பி. மாத்திரை யாராவது கொடுத்து, அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் இன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். அதில் உள்ள ரிஃபாம்பிசின் இந்த மாத்திரையின் அளவை ரத்தத்தில் அடியோடு குறைத்துவிடும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின், கார்பமசெபினும் அப்படித்தான். நாட்டு மருந்து, லேகியம் எது கொடுத்தாலும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். திட்டுவார்கள் என்று மறைப்பவர்கள்தான் அதிகம். ஏர்வாடி தர்காவுக்குப் போவதோ, அந்தோணியாருக்கு நேர்ந்துகொள்வதோ எந்த மருந்தையும் கெடுக்காது, அதைத் தாராளமாகச் செய்யுங்கள்.

ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன்னால் ஜூன் மாதக் கடைசியில் தொண்டிப் பக்கமிருந்து ஒரு அக்கா வந்தார். கணவர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். அக்காவுக்கு இதே நோய், இதே மாத்திரை. ஐந்து மாதம் நன்றாக இருந்தவருக்கு மறுபடி இருமல், மூச்சுவாங்கல். அக்கா மடியிலிருந்து ஒரு பேப்பர் பொட்டலத்தை எடுத்து மேசையில் பிரித்தார். பழுப்பு நிற மாத்திரைகள், ஒவ்வொன்றும் பிளேடால் இரண்டாக வெட்டியது. ஓரம் உதிர்ந்து தூளாகக் கிடந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் படகு கரையில். வருமானம் இல்லை. முப்பது நாள் மாத்திரையை அறுபது நாளுக்கு இழுத்திருக்கிறார். "பாதியாவது உள்ள போகுதேன்னு நினைச்சேன்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்களிடம் சொல்லியிருந்தால் ஏதாவது வழி பண்ணியிருப்போம், ஆனால் தடைக்காலத்தைப் பற்றி நாங்களும் ஒரு முறைகூட அவரிடம் கேட்கவில்லையே. அதற்குப் பிறகு கடற்கரை ஊர்க்காரர்கள் யார் வந்தாலும், மார்ச் மாதமே "தடைக்காலத்துக்கு மாத்திரை கையில் இருக்கிறதா?" என்று கேட்பதை வழக்கமாக வைத்துக்கொண்டேன். நீங்களும் கணக்கை இப்போதே போட்டு வையுங்கள். பணம் முட்டினால் மாத்திரையை வெட்டாதீர்கள், மருத்துவமனையில் சொல்லுங்கள். பாதி மருந்து மட்டும் போட்டால் புற்று செல்கள் தப்பிப் பிழைக்கும்.

கடலுக்குப் போகலாமா என்ற கேள்விக்கு என் பதில்: பாசிக்கு வேண்டாம். காரணம் மூன்று. முதலாவது முதுகெலும்பு. நனைந்த பாசி மூட்டையின் கனம் உங்களுக்குத் தெரியும். புற்று அரித்த எலும்பு அந்தக் கனத்தில் நொறுங்கலாம். எலும்புக்கு வலு கொடுக்கும் ஊசி ஒன்று உண்டு, அதைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். காலில் திடீரென்று பலம் குறைந்தாலோ, மரத்துப்போனாலோ, ஒன்றுக்குப் போக முடியாமல் அடைத்தாலோ மறுநாள் பஸ்ஸுக்குக் காத்திருக்காதீர்கள். தண்டுவடம் நசுங்குகிறது என்று அர்த்தம். அன்று ராத்திரியே ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். மணிக்கணக்கில் தாமதித்தால் நடை போய்விடும்.

இரண்டாவது விரல். இந்த மாத்திரை சில மாதங்களில் நகக்கண்ணை வீங்கச் செய்யும், சதை சிவந்து சீழ் கட்டும். பாரில், அதாவது கடலடிப் பாறையில், மரிக்கொழுந்து என்ற பாசி பறிக்கிற பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு இறங்கியும், சாயங்காலம் விரல் நுனியெல்லாம் வெட்டுப்பட்டுத் திரும்புவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். நல்ல உடம்புக்கே அந்தக் காயம் ஆற நாளாகும். இந்த மாத்திரை போடும் கைக்கு அது ஆகாது.

மூன்றாவது வெயில். முதல் இரண்டு வாரத்துக்குள் முகத்திலும் மார்பிலும் பரு மாதிரி கிளம்பும். வெயில் பட்டால் எரியும், கருக்கும். இதைப் பார்த்து மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடுகிறார்கள். ஒவ்வாமை இல்லை அது, மாத்திரை வேலை செய்யும் இடத்தின் அடையாளம். வராவிட்டாலும் கவலை வேண்டாம். முகப்பரு கிரீம் போடாதீர்கள், அது ஏற்கனவே காய்ந்த தோலை இன்னும் காயவைக்கும். எலுமிச்சை, உப்புத் தண்ணீர் வைத்தியமும் வேண்டாம். குளித்து ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ வாசனையில்லாத மாய்ஸ்சரைசரோ தடவுங்கள். வெளியே போனால் முந்தானையைத் தலைக்கு மேல் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அதிகமானால் டாக்சிசைக்ளின் மாதிரி மாத்திரையும் பூச்சும் டாக்டர் கொடுப்பார்.

அம்மாவால் வீட்டில் சும்மா உட்கார முடியாது என்று எனக்குத் தெரியும். உடம்பு தேறியதும் சாயங்காலம் கரைக்குப் போகட்டும், தோழிகள் பாசி காயவைக்கும் இடத்தில் நிழலில் உட்கார்ந்து பேசிவிட்டு வரட்டும். மீன் குழம்பு, கஞ்சி எல்லாம் சாப்பிடலாம். பம்பளிமாஸ் பழம் மட்டும் வேண்டாம், மாத்திரையின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடக் கூடும்.

வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசல், லோப்பரமைடு வீட்டில் இருக்கட்டும். ஒரு நாளைக்கு நாலைந்து தடவைக்கு மேல் போனால் டாக்டரிடம் சொல்லுங்கள். கண் மஞ்சளானாலோ சிறுநீர் கறுத்தாலோ கல்லீரல் பரிசோதனை உடனே வேண்டும். ஆனால் இவை எல்லாவற்றையும்விட ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். அடங்கியிருந்த இருமல் புதிதாக வந்து, காய்ச்சலோடு மூச்சும் திடீரென்று வாங்கினால் மாத்திரையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சளி என்று இரண்டு நாள் பார்க்காதீர்கள். நூறில் ஒருவர் அளவுக்குத்தான் வரும், ஆனால் மாத்திரையால் நுரையீரலே வீங்கும் நிலை அது, உயிரை எடுத்துவிடும்.

குணமாகுமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்திருக்கும். இந்த ஸ்டேஜில் நோய் முழுதாக ஒழியாது. அடங்கும். இருமல் சில நாட்களிலேயே குறையலாம், சில வாரங்களில் அம்மா எழுந்து சமையல் செய்வதை நீங்கள் பார்க்கக்கூடும். பிறகு ஒரு நாள் புற்று வேறு வழி கண்டுபிடித்து வளர ஆரம்பிக்கும். அப்போது மறுபடி பயாப்ஸியோ ரத்தத்திலேயே மரபணுப் பரிசோதனையோ செய்வார்கள். பாதிப்பேருக்கு அல்லது அதற்கும் மேல் டி 790 எம் என்ற புது மாற்றம் இருக்கும். அதற்கு ஓசிமெர்டினிப் வேலை செய்யும். இல்லையென்றால் கீமோ இருக்கிறது. அதனால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுக்கும் ஸ்கேனை, அம்மா நன்றாக இருக்கிறார் என்பதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். மூளைக்கும் பரவக்கூடிய நோய், விடாத தலைவலி, வாந்தி, வலிப்பு வந்தாலும் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

அம்மாவிடம் சொல்வதா? சொல்லுங்கள் என்பதுதான் என் கருத்து. கீமோ என்றால் நர்ஸ் ஏற்றிவிடுவார், நோயாளிக்குப் பெயர் தெரியாமலே ஓட்டிவிடலாம். மாத்திரையில் அது நடக்காது. தினமும் கையை நீட்டி எடுத்து விழுங்கப்போவது அம்மா. நகக்கண் வலிக்கிறது, கால் மரக்கிறது என்று முதலில் உணரப்போவதும் அவர்தான். "நெஞ்சுச் சளிக்கு மாத்திரை" என்று சொல்லிக் கொடுத்தால், இருமல் நின்ற அன்றைக்கே அவர் மாத்திரையையும் நிறுத்திவிடுவார். சளி சரியாகிவிட்டதே! அப்படி நின்றுபோனவர்களின் பிள்ளைகள் என் முன்னால் அழுதிருக்கிறார்கள். ஒரேயடியாக எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். "நுரையீரலில் கட்டி இருக்கிறதும்மா, பெரிய நோய்தான், அடக்கி வைக்க இந்த மாத்திரை, விடாமல் போட வேண்டும்" என்று ஆரம்பியுங்கள். அவர் கேட்கிற அளவுக்குச் சொல்லுங்கள். முக்கால்வாசிப் பேர் ஏற்கனவே ஊகித்துத்தான் வைத்திருப்பார்கள், பிள்ளை பயந்துவிடுமே என்று பேசாமல் இருப்பார்கள்.

சமையலறைச் சுவரில் ஒரு தினசரிக் காலண்டர் மாட்டி, மாத்திரை போட்டதும் அம்மா கையாலேயே தேதியில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். பரு, பேதி, வலி எது வந்தாலும் அந்தத் தாளிலேயே நீங்கள் ஒரு வார்த்தை எழுதி வையுங்கள். தாள்களைக் கிழித்துப் போடாமல் சேர்த்து, காலி ஸ்ட்ரிப்போடும் அந்த இ.ஜி.எஃப்.ஆர். தாளோடும் இரண்டு வாரம் கழித்து மதுரைக்கு எடுத்துப் போங்கள். பாம்பனிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து, வரிசையில் நின்று, டாக்டர் முன்னால் உட்காரக் கிடைக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் அவர் கேட்கப்போவதில் பெரும்பகுதிக்குப் பதில் அந்தத் தாள்களில் இருக்கும். மீதி நேரத்தில் உங்கள் கேள்வியைக் கேட்கலாம்.